ரோஸ்டருக்கு நடுவே ஒரு கலர் டப்பா

"டென்ஷனான விமான வேலைக்கு நடுவே பாட்டு, படம், கைவேலை என்று மனசுக்குப் பிடித்த ஏதாவது செய்ய முடிகிறதா?" என்று விமானத் துறையில் இருப்பவர்களையும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களையும் போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். சொல்பவர், 31 வருடம் பயணிகள் விமானம் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு கேப்டன். லேஓவரில், அதாவது அடுத்த விமானம் வரை வெளியூரில் தங்கும் நேரத்தில், ஹோட்டல்களில் உட்கார்ந்து வாட்டர்கலர் பழகியவர்.

கேப்டன் சார், எனக்கு 27 வயது, ஏ320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. பத்து வருடம் வீணை கற்றுக்கொண்டவள். வேலைக்கு வந்து மூன்று வருடமாக வீணை உறையை விட்டு வெளியே வரவில்லை. நாலு செக்டர் (நாலு விமானப் பயணம்) முடித்து வீட்டுக்கு வந்தால் போனைப் பார்த்தபடி படுத்தே கிடக்கிறேன். நேரத்தை எங்கிருந்து எடுப்பது?
– பெயர் வேண்டாம், சென்னை

முதலில் தூங்கும்மா. வீணையைப் பற்றிக் கேட்டால் தூக்கத்தைப் பற்றிச் சொல்கிறாரே என்று நினைக்க வேண்டாம், இரண்டும் ஒரே கணக்குதான். காலை 5 மணி விமானத்துக்கு 2.45-க்கு பிக்கப் கார் வாசலில் நிற்கும், அதற்கு 1.45-க்கு அலாரம், அலாரம் அடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் 12 மணிக்கே ஒரு முழிப்பு. ராத்திரி 2 முதல் காலை 6 வரை உடம்பு மிகவும் தளர்ந்து கிடக்கும் நேரம் என்று பணிநேர விதியிலேயே தனியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள், அந்த நேரத்தில்தான் நாம் செக்லிஸ்ட் படிக்கிறோம். அப்படி நாலு நாள் ஓட்டிவிட்டு வந்தவளை ஐந்தாம் நாள் காலை வீணை எடுத்து உட்காரச் சொன்னால் அது தண்டனை.

வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக, விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ உயர்த்தி, 2025 ஜூலை முதல் அமலுக்கு வந்துவிட்டது. என் காலத்தில் இல்லாத பாக்கியம். அந்த 48-ல் முதல் நாள் முழுவதும் உடம்புக்கு: தூங்கு, அம்மா கையால் சாப்பிடு, திரும்பவும் தூங்கு. வீணை இரண்டாம் நாள் காலை, இருபது நிமிடம் போதும். மறுநாள் விடியற்காலை டியூட்டி என்றால் அன்று சாயங்காலம் வீணைப் பக்கமே போகாதே, ஏனென்றால் அது நன்றாக வாசிக்க வந்துவிட்டால் ஒன்பது மணிக்கு நிறுத்த மனசு வராது.

போன் விஷயம். அதில் தப்பில்லை, ஆனால் அதே போனில்தான் க்ரூ குரூப்பும், டியூட்டி அட்டவணை காட்டும் ரோஸ்டர் ஆப்பும் இருக்கின்றன. ஓய்வு எப்படி வேலை செய்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் சபீனே சோனன்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் என்பவரோடு சேர்ந்து 2007-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். வேலையிலிருந்து மனசு விலகுவது, உடம்பு தளர்வது, புதிதாக ஒன்றைக் கைவரப்பெறுவது, அந்த நேரம் நம் இஷ்டப்படி நடப்பது என்று நாலைச் சொல்கிறார்கள். படுத்துக்கொண்டு போன் பார்ப்பதில் இரண்டாவது மட்டும், அதுவும் பாதிதான் கிடைக்கும். வீணையில் நாலும் உண்டு, ஒரு நிபந்தனையோடு: மூன்று வருடம் முன்னால் வாசித்த வர்ணத்தை இந்த மாதத்துக்குள் திரும்பப் பிடித்துவிட வேண்டும் என்று இலக்கு வைக்கக் கூடாது. வைத்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் சிம் செக் (சிமுலேட்டரில் வைக்கும் பரீட்சை) போல இதுவும் ஒரு செக் ஆகிவிடும். சரளி வரிசை வாசி. விரல் நோகும், தழும்பு திரும்ப வர வாரங்கள் ஆகும், ஆகட்டும்.

லேஓவருக்கு வீணையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, தெரியும். மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கிற வாத்தியம், வெயில் பட்டாலே மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். ஹோட்டல் அறையில் தொடையில் தாளம் போட்டு ஸ்வரம் பாடு, பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டாத அளவுக்கு. அப்புறம் ஒன்று: வீட்டில் வீணையை உறையிலிருந்து எடுத்து, தினமும் கண்ணில் படுகிற இடத்தில் வை. உறையைக் கழற்ற வேண்டுமே என்ற சோம்பலில் போன நாட்கள்தான் அந்த மூன்று வருடத்தில் பாதி இருக்கும்.

விமானத்தை ஆட்டோபைலட் ஓட்டுகிறது. கொத்தனாருக்கும் லாரி டிரைவருக்கும் இல்லாத டென்ஷன் உங்களுக்கு என்ன? ஏசியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஹாபி வேறா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

லாரி டிரைவரைப் பற்றிச் சொன்னதை மறுக்க மாட்டேன், அவருக்கு வருடத்துக்கு இத்தனை மணி நேரம்தான் ஓட்டலாம் என்று எங்களுக்கு 1000 மணி நேரம் வைத்திருப்பது போல யாராவது கண்காணித்தால் ரோட்டில் எல்லாருக்கும் நல்லது. ஆட்டோபைலட் சொன்னதைச் செய்யும். எதைச் சொல்வது என்பது எங்கள் வேலை. மழையில் ஒரு முறை இறங்கப் போய், தரை தெரியாமல் மேலே ஏறி, இன்னொரு சுற்று வந்து, எரிபொருள் கணக்கைப் பார்த்துக்கொண்டே "பெங்களூருக்குப் போவதா, இன்னும் பத்து நிமிடம் பார்ப்பதா" என்று முடிவெடுத்த சாயங்காலத்துக்குப் பிறகு வீட்டில் சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. ஹாபி கொத்தனாருக்கும் வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் தவில் வாசிக்கிறார்.

கேபின் க்ரூவாக இருக்கிறேன். எம்பிராய்டரி பிடிக்கும். ஆனால் ஊசி, கத்தரி என்று செக்யூரிட்டியில் தினம் ஒரு பஞ்சாயத்து. வேறு ஏதாவது சொல்லுங்களேன்.
– எஸ்., கோயம்புத்தூர்

கோலம் போடுங்கள், நோட்டில். சிரிக்காதீர்கள். என்னோடு பறந்த ஒரு சீனியர் க்ரூ அம்மா ஹோட்டல் மேஜையில் கிடக்கும் குட்டி நோட்பேடில் 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை வைத்து, சிக்குக் கோலத்தைக் கை எடுக்காமல் இழுப்பார். ஒரு புள்ளியை விட்டுவிட்டால் அடுத்த தாள், அவ்வளவுதான் நஷ்டம். முந்நூறு பேருக்குச் சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிற வேலையில், யாரிடமும் பேசாமல், புள்ளியைத் தவிர எதையும் பார்க்காமல் அரை மணி. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனியும் ராணி சிரோமனியும் 1970-களில் இந்தக் கோலங்களை வைத்துக் கணினி இலக்கண ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள், 1974-ல் வந்த கட்டுரை உலகம் முழுக்கப் போயிற்று. அதனால் இதைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

எம்பிராய்டரியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஊசியும் கத்தரியும் வீட்டில் இருக்கட்டும், அல்லது செக்-இன் பெட்டியில் போகட்டும். செக்யூரிட்டியில் நிற்பவரோடு வாதாடி ஜெயித்த க்ரூவை நான் பார்த்ததில்லை.

என் கணவர் கேப்டன். டியூட்டி முடிந்து வந்ததும் மாடி அறைக்குப் போய்த் தஞ்சாவூர் ஓவியம் வரைய உட்கார்ந்துவிடுகிறார். மனசுக்கு நிம்மதியாம். எங்களுக்கு? பையனுக்கு ஆறு வயது.
– ஒரு வாசகி, திருச்சி

இந்தக் கடிதத்தை என் மனைவி எழுதியிருப்பாளோ என்று கையெழுத்தை இரண்டு தடவை பார்த்தேன்.

உங்கள் கோபம் நியாயம். ஆனால் அவர் ஏன் நேராக மாடிக்குப் போகிறார் என்பது எனக்குப் புரிகிறது. பதினாலு மணி நேரம் ரேடியோவில், ஹெட்செட்டில், இண்டர்காமில் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள், பதில் சொல்லாமல் இருக்கவே முடியாத குரல்கள். வீட்டுக்கு வந்ததும் "கேஸ் புக் பண்ணீங்களா" என்ற சாதாரணக் கேள்விகூட ஏடிசி (விமானக் கட்டுப்பாட்டு அறை) கூப்பிட்ட மாதிரி காதில் விழும். நான் பல வருடம் இதைச் சாக்காக வைத்துக்கொண்டே தப்பித்தேன், அதற்கு விலையும் கொடுத்தேன். என் மகள் நடனம் கற்றுக்கொண்டது எனக்குத் தெரியும், எந்த வருடம் நிறுத்தினாள் என்று தெரியாது.

உங்கள் வீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது, அவர் எடுத்திருப்பது தஞ்சாவூர் ஓவியம் என்பதால். அதில் ஒவ்வொரு கட்டமும் காய வேண்டும். பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பூச்சு பூசிக் காயவைத்து, தேய்த்து, படம் எழுதி, கல் ஒட்டி, மக்கு என்கிற பசை வைத்து மேடாக்கி, அது காய்ந்த பிறகு தங்க ரேக், கடைசியில்தான் வண்ணம். காயும் நேரம் எல்லாம் உங்களுடையது என்று பேசிக்கொள்ளுங்கள். வந்ததும் குளிப்பு, அரை மணி யாரும் பேச வேண்டாம், அதற்குப் பிறகு பையன், பையன் தூங்கிய பிறகு மாடி. கல் ஒட்டும் வேலையைப் பையனிடம் கொடுத்துப் பார்க்கலாம். கோணலாக ஒட்டுவான். பரவாயில்லை என்று அவர் விட்டால் அவருக்கு உண்மையிலேயே அது ஹாபி. பிடுங்கிச் சரிசெய்தால், இரண்டாவது வேலை ஒன்றை மாடியில் நடத்திக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், அப்போது எனக்குத் திரும்ப எழுதுங்கள்.

சார், வயது 21. பைலட் டிரெயினிங்கில் இருக்கிறேன். அப்பா வீட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டியிருக்கிறார். எனக்குப் பென்சில் ஸ்கெட்ச் பிடிக்கும். வரைய உட்கார்ந்தாலே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
– ஒரு மாணவன்

தம்பி, என் மகளை விடச் சின்னவன் என்பதால் நீ என்றே சொல்கிறேன். 200 மணி நேரப் பறப்பு, டிஜிசிஏ பரீட்சைகள், அதற்கு மேல் விமானம் கிடைக்காத நாள், மேகமூட்டத்தில் பறக்க முடியாத நாள் என்று காத்திருப்பே பாதி. அந்தக் காத்திருப்பில்தான் பசங்கள் உடைந்துபோகிறார்கள். பறக்க முடியாத நாளில் கேண்டீனில் உட்கார்ந்து "அந்த பேட்ச் பசங்க முடிச்சுட்டாங்க" என்று பேசுவதற்கு நீ ஸ்கெட்ச் செய்வது எவ்வளவோ மேல். தினம் அரை மணி உன் அப்பாவின் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோய்விடாது.

மீட்டியராலஜி பேப்பருக்கு நான் மேகங்களை வரைந்து படித்தேன். தலை தட்டையாக, பட்டறைக் கல் மாதிரி விரிந்து நிற்கும் இடிமழை மேகத்தை ஒரு முறை உட்கார்ந்து வரைந்தவனுக்கு, வானத்தில் அது வளரும்போதே அடையாளம் தெரியும். சொல்லிவிட்டேனே தவிர, உன் ஸ்கெட்ச்புக்கைப் பாட நோட்டாக்கிவிடாதே. நாயை வரை, டீக்கடையை வரை.

எனக்கு 44 வயது. ஆயில் பெயிண்டிங் பழக ஆசை. லேஓவருக்கு எடுத்துப் போகலாமா? கையும் அவ்வளவாக வராது.
– கே., மும்பைத் தமிழர்

எடுத்துப் போக முடியாது. டர்பன்டைன், தின்னர் எல்லாம் தீப்பிடிக்கும் சரக்கு. கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது, நாமே கேப்டனாக இருந்தாலும் கூடாது. ஓவியத்துக்கு மேல் அடிக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேயும் அப்படித்தான். வீட்டில் வரைகிறீர்கள் என்றாலும் ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிட்டு டியூட்டிக்குப் போகாதீர்கள், அது காயும்போது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். தவிர, ஆயில் காய நாள்கணக்கு ஆகும், ஹோட்டல் படுக்கை விரிப்புக்கு யார் காசு கொடுப்பது?

வாட்டர்கலருக்கு வாருங்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பாவில் பன்னிரண்டு நிறம், ஒரு தூரிகை, உள்ளங்கை அளவு கெட்டித்தாள் நோட்டு. ஹோட்டல் டம்ளரில் தண்ணீர். ஏசி அறையில் சீக்கிரம் காயும். நான் ஆரம்பித்த கதையைச் சொல்கிறேன். முதல் வருடம் முழுக்க ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்குள் நிறம் அடித்தேன். துறைமுகம், கோயில், படகு, எதை வரைந்தாலும் கார்ப்பரேஷனுக்குக் கொடுக்கிற வீட்டு பிளான் மாதிரி இருந்தது. காரணம் புரிய நாளானது. காக்பிட்டில் ஒரு எண் தவறினால் பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும், நான் திருத்த வேண்டும், அப்படியே கை பழகிவிட்டது. ஒரு நாள் கொல்கத்தாவில் மழையால் விமானம் கிளம்பவில்லை, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன், தண்ணீர் டம்ளர் சாய்ந்து வானம் முழுக்க நீலம் பரவிக் கட்டடத்துக்குள் இறங்கிவிட்டது. துடைக்கப் போனவன் கையை எடுத்துவிட்டேன். வெளியே மழை எப்படி இருந்ததோ அப்படியே தாளில் இருந்தது. ஸ்கேலைத் தூக்கிப் போட்டேன் என்று சொன்னால் பொய், பெட்டியில் இன்னும் கிடக்கிறது. ஆனால் எடுப்பதில்லை.

கை வராது என்கிறீர்கள். அமெரிக்காவில் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் களிமண், மார்க்கர், படம் வெட்டி ஒட்டுவது என்று எதையாவது செய்ய வைத்து, முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் என்ற டென்ஷன் ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள், 2016-ல் வெளியானது. நாலில் மூன்று பேருக்குக் குறைந்திருந்தது, கை பழகியவர்கள் பழகாதவர்கள் என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. சின்ன ஆய்வு, சும்மா உட்கார்ந்திருந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, அதனால் ரொம்பத் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். மீதிக் கால்வாசிப் பேருக்குக் குறையவில்லை என்பதும் உண்மை.

ஒரு எச்சரிக்கை, மைப்பேனா எடுத்துப் போனால். கேபினுக்குள் அழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலை மேல் இருப்பது போலக் குறையும், பேனாவில் அரை டேங்க் காற்று இருந்தால் அது விரிந்து மையை வெளியே தள்ளும். நிரப்பி வையுங்கள், இல்லையென்றால் காலியாக வையுங்கள், நிப் மேலே பார்க்கட்டும். வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு நீல ஏரியோடும், விமானக் கோளாறுகளை எழுதும் டெக் லாக்கில் நீலக் கைரேகையோடும் இறங்கிய நாள் எனக்கு உண்டு. இன்ஜினியர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சார், இது டிஃபெக்டா, கையெழுத்தா?" என்று கேட்டார்.

என் ஓவியங்களை இன்ஸ்டாகிராமில் போட ஆரம்பித்தேன். இப்போது ஆர்டர் வருகிறது. தொடரலாமா?
– ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசர், ஹைதராபாத்

வேலை ஒப்பந்தத்தில் வெளி வருமானம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள், பல கம்பெனிகள் முன்அனுமதி கேட்கும். அதைத் தாண்டி என் சொந்தக் கருத்து: வேண்டாம், இப்போதைக்கு. வெள்ளிக்கிழமைக்குள் டெலிவரி என்று ஒரு ஆளிடம் சொன்ன நிமிடமே ஸ்டாண்ட்பையில், மாற்று ஆளாக, கூப்பிடுவார்கள், இது இயற்கை விதி. கொடுப்பதாக இருந்தால் சும்மா கொடுங்கள், நாள் சொல்லாமல்.

வரைகிறேன், பாட்டு கேட்கிறேன், நடக்கிறேன். ஆனாலும் தூக்கம் வரவில்லை, டியூட்டிக்கு முந்தின நாள் நெஞ்சு படபடக்கிறது. இன்னும் என்ன ஹாபி எடுப்பது?
– பெயர், ஊர் வேண்டாம்

ஹாபி போதும். டாக்டரைப் பாருங்கள், இந்த வாரமே. மெடிக்கல் சர்டிபிகேட் போய்விடுமோ என்ற பயத்தில் நம் ஆட்கள் வாயைத் திறப்பதே இல்லை, பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள், அதுதான் உண்மையிலேயே லைசென்ஸுக்கும் உயிருக்கும் ஆபத்து. விமானப் பணியாளர்களின் மனநலம் குறித்து டிஜிசிஏ 2023-ல் சுற்றறிக்கை விட்டது, சக விமானிகளிடமே பேசும் ஏற்பாடு பற்றியும் அதில் இருக்கிறது. உங்கள் கம்பெனியில் அப்படி ஒரு குழு இருந்தால் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். அன்று பறக்கும் நிலையில் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். நான் ஒரே ஒரு தடவை அப்படிச் சொன்னேன், மறுநாள் யாரும் என்னைத் தூக்கிலிடவில்லை, ரோஸ்டர் போடுகிறவர் கொஞ்சம் முகத்தைத் தூக்கினார். தூரிகையால் ஆகிற காரியம் கொஞ்சம்தான்.

விமானிகளில் பெரிய ஓவியர்கள் உண்டா?
– பள்ளி ஆசிரியர், விருதுநகர்

எனக்குப் பிடித்தவர் அலெக்சி லியோனோவ். போர் விமானியாக இருந்து விண்வெளி வீரர் ஆனவர், 1965 மார்ச் 18 அன்று விண்கலத்துக்கு வெளியே மிதந்த முதல் மனிதர். வெளியே இருந்தது 12 நிமிடம், அதற்குள் உடுப்பு ஊதிப் பெருத்து, திரும்ப உள்ளே நுழைய முடியாமல், காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டுத் தப்பி வந்தார். அந்தப் பயணத்தில் கலர் பென்சில் கொண்டுபோயிருந்தார், மிதந்து ஓடிவிடாமல் இருக்க ஒவ்வொன்றையும் நூலில் கட்டி. அதை வைத்துச் சூரியோதயத்தை வரைந்தார், விண்வெளியில் வரைந்த முதல் படம். டென்ஷனில் வரைய முடியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நூல்தான் ஞாபகம் வரும்.

இன்னொருவர் ஆலன் பீன். சோதனை விமானியாக இருந்தபோதே மாலை வகுப்பில் ஓவியம் படித்தவர். 1969 நவம்பரில் அப்போலோ 12-ல் போய் நிலவில் கால் வைத்த நாலாவது ஆள். 1981-ல் நாசாவை விட்டு விலகி முழுநேரமும் நிலவையே வரைந்தார், பலகைப் பூச்சு காய்வதற்குள் நிலவு பூட்ஸின் அச்சை அதில் அழுத்துவாராம்.

ஓய்வுபெற்ற பிறகு நாள் முழுக்க வரைகிறீர்களா? பொறாமையாக இருக்கிறது.
– இன்னும் பதினோரு வருடம் பாக்கி உள்ள ஒரு கேப்டன், கொச்சி

இல்லை. பிக்கப்புக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது என்ற நாட்களில் மூன்று படம் போட்டிருக்கிறேன், இப்போது முழு நாளும் இருக்கிறது, தூரிகை காய்ந்து கிடக்கிறது. மனைவி பார்த்துப் பார்த்துச் சலித்து, வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தைக்குக் காய் வாங்க வரும்போது என்னையும் கலர் டப்பாவோடு கூட்டிக்கொண்டு வந்து ஒரு ஓரத்தில் உட்கார வைத்துவிடுகிறாள். போன வாரம் பழைய மின்விசிறிகள் விற்பவரின் கடையை வரைந்துகொண்டிருந்தேன். ஈரமாக ஒரு சாம்பல் நிறம் இழுத்துவிட்டு அது காய்வதற்குள் அடுத்ததைத் தொட வேண்டும். அப்போது மேலே ஒரு விமானத்தின் விசிறிச் சத்தம், பார்க்காமலே ஏடிஆர் ரகம் என்று தெரியும், இருந்தும் சக்கரம் இறக்கிவிட்டார்களா என்று நிமிர்ந்து பார்த்தேன். இறக்கியிருந்தார்கள். குனிந்தால் சாம்பல் காய்ந்து பட்டையாக விளிம்பு விழுந்துவிட்டது.

"கோடு விழுந்துருச்சே சார்" என்றார் கடைக்காரர்.